பழைய கார் ஆயில் குடிக்குதா? இன்ஜின இறக்குறதுக்கு முன்னாடி என்னென்ன பாக்கணும்

செகண்ட் ஹேண்ட்ல ஒரு பழைய சான்ட்ரோவோ, ஆல்ட்டோவோ, லட்சம் கிலோமீட்டர் தாண்டுன ஸ்விஃப்ட் டீசலோ வாங்கி கொஞ்ச நாள் ஓட்டியிருப்பீங்க, ஒருநாள் ஷெட்டுல ஆயில் அளவு காட்டுற கேஜ இழுத்துப் பாத்துட்டு "ஆயிலே இல்ல சார், வண்டி ஆயில் அடிக்குது, இன்ஜின் இறக்கணும்"னு சொல்லிடுவாங்க. முத தடவை கார் வாங்குனவங்களுக்கு இதக் கேட்டா வயித்தக் கலக்கும். கலங்க வேண்டாம். ஆயில் குறையுறதுக்கு பிஸ்டன சுத்தி இருக்குற ரிங் போனது ஒரு காரணம்தான், அதவிட சீப்பான காரணம் நாலஞ்சு இருக்கு, அதெல்லாம் பாத்து முடிச்சப்புறம்தான் இன்ஜின்ல கை வைக்கணும். பாக்குற வரிசைய கீழ சொல்றேன், செலவில்லாத வேலைல ஆரம்பிச்சு செலவுள்ள வேலைக்குப் போகுது, நடுவுல எங்கயாவது காரணம் கிடைச்சுட்டா அங்கயே நிறுத்திக்கோங்க.

முதல்ல ஒரு விஷயம். எல்லா இன்ஜினும் கொஞ்சம் ஆயில் எரிக்கும். பிஸ்டன் மேல கீழ போகும்போது சிலிண்டர் சுவத்துல மெல்லிசா ஆயில் படிஞ்சே ஆகணும், அதுல ஒரு துளி எரியத்தான் செய்யும். சில ஐரோப்பிய கம்பெனிங்க மேனுவல்லயே 1000 கி.மீ.க்கு அரை லிட்டர் வரைக்கும் போனா நார்மல்னு போட்டிருக்காங்க. (அது அவங்க வாரன்டிய காப்பாத்திக்கப் போட்ட கணக்குன்னு நான் நினைக்கிறேன், ஆனா போட்டிருக்காங்க.) அதனால கேள்வி ஆயில் குறையுதாங்கிறது இல்ல, எவ்வளவு குறையுது, எங்க போகுதுங்கிறதுதான்.

1. அளந்து பாருங்க

"ரொம்ப குடிக்குதுங்க"ன்னு சொல்ற பாதிப் பேரு அளந்தே பாத்திருக்க மாட்டாங்க. போன சர்வீஸ்ல எவ்வளவு ஊத்துனாங்கன்னே தெரியாது, மூணு லிட்டர் போக வேண்டிய இடத்துல ரெண்டரை ஊத்தியிருக்கலாம், அப்ப குறைஞ்சது எவ்வளவு, ஊத்தாம விட்டது எவ்வளவுன்னு எப்படி கண்டுபுடிப்பீங்க?

வண்டிய சமதளத்துல நிறுத்துங்க. வீட்டு வாசல்ல சாக்கடைக்கு மேல ஏத்திவிட்ட சரிவுல முன்சக்கரம் மேல நிக்கும்போது பாத்தா கேஜ் தப்பாத்தான் காட்டும். காலைல ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி பாக்குறது வசதி, ஆயில் முழுக்க கீழ சேம்பருக்கு (இன்ஜினுக்கு அடியில இருக்குற ஆயில் தொட்டி) இறங்கியிருக்கும். உங்க மேனுவல் சூடா இருக்கும்போது பாக்கச் சொன்னா அப்படியே பாருங்க, ஆனா எப்பவும் ஒரே மாதிரி பாருங்க. கேஜ இழுத்து, பனியன் துணில சுத்தமா தொடைச்சு, திரும்ப கடைசி வரைக்கும் உள்ள விட்டு, ரெண்டு எண்ணி வெளிய எடுங்க. எடுத்ததும் நிமித்திப் புடிக்காதீங்க, ஆயில் கைப்பக்கமா வழிஞ்சு அளவு கூடத் தெரியும், படுக்கையா புடிங்க. ரெண்டு பக்கமும் பாருங்க, ஒரு பக்கம் மேலயும் இன்னொரு பக்கம் கீழயும் கோடு இருந்தா கீழ இருக்குறதுதான் சரியான அளவு, மேல இருக்குறது ட்யூப் சுவத்துல பட்டு இழுத்துட்டு வந்தது.

இப்ப மேக்ஸ் கோடு வரைக்கும் ஆயில் ஊத்துங்க, கி.மீ. எவ்வளவுன்னு போன்ல எழுதி வெச்சுக்கோங்க. வாரம் ஒரு தடவை பாருங்க. 1000 கி.மீ. ஆனதும் திரும்ப மேக்ஸ் வர எவ்வளவு ஊத்த வேண்டியிருக்குன்னு அளவு போட்ட பாட்டில்ல ஊத்திப் பாருங்க, அதுதான் உங்க வண்டியோட கணக்கு. பல கார்ல கேஜோட மின் கோட்டுக்கும் மேக்ஸ் கோட்டுக்கும் நடுவுல இருக்குறது கிட்டத்தட்ட ஒரு லிட்டர்தான், ஆனா மாருதி 800 மாதிரி சின்ன இன்ஜின்ல மொத்த ஆயிலே மூணு லிட்டருக்குள்ள, அதுல ஒரு லிட்டர் காணாம போனா மூணுல ஒரு பங்கு போச்சு.

மேக்ஸ தாண்டி ஊத்தாதீங்க. "எப்படியும் குடிக்கப் போகுது, சேத்தே ஊத்துவோம்"னு நினைக்கிறவங்க நிறைய பேரு, அப்படி ஊத்துனா சுத்துற கிராங்க் ஆயில்ல அடிச்சு நுரையாக்கும், மேல எழும்புற ஆயில் பிரீதர் (இன்ஜினுக்குள்ள சேருற காஸ வெளிய விடுற ஹோஸ்) வழியா இன்டேக்குக்கு (இன்ஜினுக்குக் காத்து போற பாதை) போயி எரியும். அதாவது கூட ஊத்துனாலே கூடக் குடிக்கும்.

அப்புறம் டேஷ்போர்டுல வர்ற சிகப்பு ஆயில் கேன் லைட்டு. நிறைய பேரு அத பெட்ரோல் ரிசர்வ் லைட்டு மாதிரி, "ஆயில் குறைஞ்சா எரியும், அப்ப ஊத்திக்கலாம்"னு நினைச்சிட்டு இருக்காங்க. பழைய கார்ல பெரும்பாலும் அது அளவு காட்டுற லைட்டே இல்ல, ஆயில் பிரஷர் லைட்டு. அது எரியுதுன்னா பேரிங்குக்கு ஆயில் சரியா போகலன்னு அர்த்தம், வளைவுல திரும்பும்போது ஒரு தடவை மின்னி அணைஞ்சாக்கூட ஓரங்கட்டி ஆஃப் பண்ணிட்டு கேஜ பாருங்க. பெட்ரோல் பங்க் வரைக்கும் போயிடலாம்னு ஓட்டிட்டு வந்தா ஒரு லிட்டர் ஆயில்ல முடிய வேண்டியது கிராங்க் வேலைல போய் நிக்கும்.

கேஜ்ல அளவு குறையாம கூடிக்கிட்டே போனா அது இன்னும் கெட்ட சேதி. மோந்து பாருங்க, பெட்ரோல், டீசல் வாடை அடிச்சா எரிபொருள் கலக்குது. ஆயில் கலங்கி மோர் கலர்ல இருந்தா கூலன்ட் கலக்குது, ஹெட் பேக்கிங்க (இன்ஜினோட மேல்பாகமான ஹெட்டுக்கு அடியில இருக்குற சீல்) பாக்கணும், அதுவரைக்கும் வண்டிய எடுக்காதீங்க. ஃபில்லர் மூடியோட அடியில மட்டும் லேசா வெள்ளையா படிஞ்சிருந்து கேஜ்ல ஆயில் நல்லா இருந்தா பயப்பட வேண்டாம், பக்கத்துக் கடை வரைக்கும் மட்டுமே ஓடுற வண்டியில ஈரம் அப்படிப் படியும்.

2. வெளிய கசியுதான்னு பாருங்க

பழைய ஃப்ரிட்ஜ் அட்டைப்பெட்டிய பிரிச்சு ராத்திரி வண்டிக்கு அடியில போடுங்க. காலைல பாத்தா எங்க சொட்டியிருக்கு, என்ன கலர்னு தெரியும். பழுப்போ கறுப்போ இருந்து வழவழன்னு இருந்தா இன்ஜின் ஆயில், பச்சை அல்லது ரோஸ் கலரா தண்ணியாட்டம் இருந்தா கூலன்ட், சிகப்பா இருந்தா பெரும்பாலும் பவர் ஸ்டியரிங் ஆயில், வெறும் தண்ணின்னா ஏசி.

ஆனா ஒண்ணு, சொட்டுற இடமும் கசியுற இடமும் ஒண்ணா இருக்காது. மேல டேப்பட் கவர் (இன்ஜினோட மேல் மூடி) பேக்கிங்ல கசியுறது இன்ஜின் மேல வழிஞ்சு சேம்பர் நட்டுல வந்து சொட்டும், உடனே "சேம்பர் பேக்கிங் போச்சு"ன்னு அத மாத்துவாங்க, கசிவு அப்படியே இருக்கும். அதனால முதல்ல இன்ஜின நல்லா கழுவித் தொடைச்சிட்டு, சந்தேகப்படுற இடத்துல முகத்துக்குப் போடுற பவுடர லேசா தூவிவிட்டு ஒரு அரை மணி நேரம் ஓட்டிட்டு வந்து டார்ச் அடிச்சுப் பாருங்க. எந்த இடத்துல உயரமா பவுடர் நனைஞ்சிருக்கோ அங்கதான் ஆரம்பம்.

வழக்கமா கசியுற இடங்கள்: டேப்பட் கவர் பேக்கிங், ஆயில் ஃபில்டர் உக்காருற இடம் (பழைய ரப்பர் ஒட்டிக்கிட்டு இருக்க அது மேலயே புதுசப் போட்டுருவாங்க), ட்ரெயின் போல்ட் வாஷர், ஆயில் பிரஷர் சுவிட்ச், டிஸ்ட்ரிபியூட்டர் இருக்குற வண்டின்னா அதோட ஓ-ரிங். இதெல்லாம் சில்லறைச் செலவு. பிளக் இன்ஜினுக்கு நடுவுல குழிக்குள்ள உக்காந்திருக்குற வண்டியில பிளக் காயில கழட்டி உள்ள எட்டிப் பாருங்க, குழில ஆயில் தேங்கியிருந்தா டேப்பட் கவர்ல இருக்குற ட்யூப் சீல் போயிருக்கு, வண்டி மிஸ்ஸிங் அடிக்கிறதும் அதனாலயே இருக்கலாம். இன்ஜினும் கியர்பாக்ஸும் சேருற இடத்துல கசிஞ்சா அது பின்பக்க கிராங்க் சீல், கியர்பாக்ஸ் இறக்கணும், சீல் விலை கம்மி கூலிதான் ஜாஸ்தி. கசிவு லேசா இருந்து கிளட்ச் வழுக்காம இருந்தா, அடுத்த தடவை கிளட்ச் மாத்தும்போது சேத்துப் பண்ணிக்கோங்க.

3. பிசிவி வால்வு

இத யாரும் பாக்குறதே இல்ல, அதனாலதான் தனியா சொல்றேன். ரிங்க தாண்டி கொஞ்சம் காஸ் எப்பவும் சேம்பருக்குள்ள இறங்கும், அத திரும்ப இன்டேக்குக்கு அனுப்பி எரிக்கிறதுக்கு ஒரு சின்ன வால்வு இருக்கு, பெரும்பாலும் டேப்பட் கவர்ல ஒரு ஹோஸ் முனையில. பிசினு அடைச்சு இது மாட்டிக்கிட்டா உள்ள பிரஷர் ஏறி, இருக்குற சீல் எல்லாத்துலயும் ஆயில வெளிய தள்ளும், இன்டேக் பக்கமும் தள்ளும். புது சீல் போட்டும் மூணு மாசத்துல திரும்பக் கசியுதுன்னு புலம்புறவங்க முதல்ல இதப் பாருங்க. கழட்டி காதுக்கிட்ட வெச்சு ஆட்டுனா பல வண்டியில கடகடன்னு சத்தம் வரணும், வரலன்னா கார்ப் கிளீனர் அடிச்சுப் பாருங்க, சரியாகலன்னா புதுசு. ஏர் ஃபில்டர் பெட்டிக்குள்ள ஆயில் ஈரம் இருந்தாலும் சந்தேகம் இங்கதான். எல்லா வண்டியிலயும் தனி வால்வு இருக்காது, சிலதுல வெறும் பிரீதர் ஹோஸ்தான், அதையும் கழட்டி ஊதிப் பாருங்க.

4. புகையப் பாருங்க

வெளிய கசியல, பிசிவியும் நல்லா இருக்கு, ஆனாலும் குறையுதுன்னா உள்ள எரியுது. நீலமா இருந்தா ஆயில். கறுப்புன்னா எரிபொருள் ஜாஸ்தி, அது வேற பஞ்சாயத்து. வெள்ளையா வந்து சீக்கிரம் கலைஞ்சா வெறும் நீராவி, ஊட்டி கொடைக்கானல்ல காலைல எல்லா வண்டியும் விடும். சூடான பிறகும் வெள்ளைப் புகை நிக்காம வந்து கூலன்ட்டும் குறைஞ்சா ஹெட் பேக்கிங்.

நீலப் புகை எப்ப வருதுங்கிறதுதான் இங்க முக்கியமான துப்பு. நீங்க உள்ள உக்காந்திருந்தா தெரியாது, ஒருத்தர வெளிய நிக்க வெச்சுக்கோங்க.

ராத்திரி முழுக்க நின்ன வண்டிய காலைல ஸ்டார்ட் பண்ணதும் ஒரு நீலப் புகை குபுக்குன்னு வந்து அப்புறம் நின்னுட்டா வால்வு சீல். ராத்திரில ஹெட்ல தங்குன ஆயில் வால்வு தண்டு வழியா சொட்டி உள்ள இறங்கியிருக்கும். அந்த சீல் ரப்பர், சூட்டுலயும் வயசுலயும் கல்லு மாதிரி ஆயிடும், ஓடுன கி.மீ. கம்மியா இருந்தாலும் 15 வருஷ வண்டின்னா எதிர்பாக்கலாம். இன்னொரு நல்ல டெஸ்ட் மலைப்பாதை. ஏற்காடு, கொல்லிமலை மாதிரி இடத்துல செகண்ட் கியர்ல ஆக்ஸிலேட்டர் மேல கால் வைக்காம இறங்கும்போது இன்டேக்ல வேக்குவம் பலமா இருக்கும், அது வால்வு கைடு வழியா ஆயில உறிஞ்சும், கீழ வந்து ஆக்ஸிலேட்டர மிதிச்சதும் பின்னாடி வர்றவன் மூஞ்சில ஒரு நீலப் புகை. அதுவும் வால்வு பக்கம்தான்.

மாறா, நல்லா மிதிச்சு ஏத்தும்போது, ஹைவேல ஓவர்டேக் பண்ணும்போது தொடர்ந்து நீலமா வந்தா ரிங் அல்லது போர் (பிஸ்டன் ஓடுற சிலிண்டர் குழி). ராத்திரில பின்னாடி வர்ற வண்டியோட ஹெட்லைட்டுல இது நல்லாத் தெரியும், கண்ணாடில பாத்துக்கலாம். புகையே தெரியலன்னாலும் சைலன்சர் ஆறுன பிறகு உள்ள விரல விட்டுப் பாருங்க, காஞ்ச கரியா இருந்தா பரவாயில்ல, பிசுபிசுன்னு மை மாதிரி ஒட்டுனா ஆயில் எரியுது. கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் இருக்குற வண்டின்னா புகைய அது ஓரளவுக்கு மறைச்சிடும், ஆனா ஆயில்ல இருக்குற பாஸ்பரஸ் போய்ப் போய் கன்வெர்ட்டரே ஒருநாள் செத்துப்போகும்.

டர்போ டீசல் வெச்சிருக்கவங்களுக்குத் தனியா: இன்டர்கூலர் (டர்போல இருந்து வர்ற சூடான காத்த ஆத்துற பாகம்) ஹோஸ கழட்டிப் பாருங்க. லேசா ஈரம் இருக்குறது சகஜம், குளம் கட்டி நின்னா டர்போ சீல் அல்லது பிரீதர். இத அலட்சியமா விடாதீங்க, டர்போ வழியா ஆயில் ஏராளமா உள்ள போனா டீசல் இன்ஜின் அந்த ஆயிலயே எரிபொருளா எடுத்துக்கிட்டு தானா ரேஸ் ஏறும், சாவிய ஆஃப் பண்ணாலும் நிக்காது. அப்படி ஆச்சுன்னா, மேனுவல் வண்டின்னா பெரிய கியர்ல போட்டு பிரேக்க முழுசா அமுத்திக்கிட்டு கிளட்ச விட்டு இன்ஜின அணைக்கணும். அதிகமா ரேஸ் ஏறிட்டா கிட்டப் போகாம தள்ளி நின்னுக்கோங்க, இன்ஜின் போனா போகட்டும்.

5. கம்ப்ரஷன் எடுத்துப் பாருங்க

கம்ப்ரஷன்னா பிஸ்டன் சிலிண்டருக்குள்ள காத்த அழுத்தும்போது வர்ற பிரஷர், இத அளக்குறதுக்கு மட்டும் ஷெட்டுக்குப் போகணும். போயி "அண்ணே, இறக்குறது அப்புறம், முதல்ல கம்ப்ரஷன் பாத்துச் சொல்லுங்க, நான் கூட நிக்கிறேன்"னு சொல்லுங்க. நல்ல மெக்கானிக் சந்தோஷமா பாப்பாரு. "அதெல்லாம் தேவையில்ல தம்பி, சத்தத்துலயே தெரியுது"ன்னு சொல்றவர்கிட்ட வண்டிய விடாதீங்க.

இன்ஜின் சூடா இருக்கணும், எல்லா பிளக்கும் வெளிய, எரிபொருளும் இக்னிஷனும் கட், பேட்டரி நல்லா இருக்கணும், ஒருத்தர் ஆக்ஸிலேட்டர முழுசா மிதிச்சுக்கிட்டு செல்ஃப் அடிக்கணும். பெட்ரோல் வண்டியில பொதுவா 150லிருந்து 180 பிஎஸ்ஐ பக்கம் வரும், சரியான நம்பர் வண்டிக்கு வண்டி மாறும், அதவிட சிலிண்டருக்கு சிலிண்டர் உள்ள வித்தியாசத்தப் பாருங்க, 10-15 சதவீதத்துக்கு மேல போகக்கூடாது. ஒண்ணு மட்டும் கம்மியா இருந்தா அந்த பிளக் ஓட்டையில ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு திரும்ப எடுக்கச் சொல்லுங்க. நம்பர் நல்லா ஏறுச்சுன்னா ரிங், போர் தேஞ்சிருக்கு, அந்த ஆயில் இடைவெளிய அடைச்சதால ஏறுச்சு. ஏறலன்னா வால்வோ ஹெட் பேக்கிங்கோ. கழட்டுன பிளக்குகளையும் வரிசையா வெச்சுப் பாருங்க, எது ஆயில்ல நனைஞ்சு கறுப்பா இருக்கோ அந்த சிலிண்டர்லதான் ஆயில் இறங்குது.

கம்ப்ரஷன் எல்லாம் நல்லா இருக்கு, ஆனா ஆயில் போகுது, இப்படியும் வரும். கம்ப்ரஷன புடிக்கிறது மேல் ரெண்டு ரிங்கு, ஆயில வழிச்சுக் கீழ தள்ளுறது மூணாவதா இருக்குற ஆயில் ரிங்கு. அது கரி புடிச்சு பள்ளத்துலயே இறுகிப்போச்சுன்னா கம்ப்ரஷன்ல தெரியாது. டொயோட்டாவோட 2.4 லிட்டர் கேம்ரி இன்ஜின்ல இப்படி ஆகி, அமெரிக்கால கம்பெனியே நிறைய வண்டிக்கு பிஸ்டனும் ரிங்கும் மாத்திக் கொடுத்தாங்க. ரொம்ப நாள் நின்ன வண்டி, ஆயில் மாத்தாமயே ஓட்டுன வண்டி இதுல எல்லாம் இது சகஜம். நல்ல ஆயில் போட்டு, பாதி இடைவெளிலயே மாத்தி மாத்தி ரெண்டு மூணு ரவுண்டு ஓட்டுனா சில நேரம் ரிங்கு விட்டுக்கொடுக்கும். பிளக் ஓட்டை வழியா கிளீனர் ஊத்தி ராத்திரி ஊற விடுற வேலையும் பண்றாங்க, பண்ணலாம், ஆனா மறுநாள் பிளக் மாட்டுறதுக்கு முன்னாடி செல்ஃப் அடிச்சு மிச்சத்த வெளிய தள்ளிடணும், தள்ளாம ஸ்டார்ட் பண்ணா கனெக்டிங் ராடு வளைஞ்சிடும், முடிச்சதும் ஆயிலும் மாத்தியாகணும்.

6. ஆயில் கிரேடு

புது கார்ல போடுற 5டபிள்யூ-30 (கேன் மேல போட்டிருக்குற இந்த நம்பர்தான் ஆயில் எவ்வளவு கெட்டின்னு சொல்றது) தண்ணியாட்டம் இருக்கும், தேஞ்ச இன்ஜின்ல சீக்கிரம் கரையும். மேனுவல்ல அனுமதிச்ச கிரேடு வரிசைல ஒரு படி கெட்டியா, 10டபிள்யூ-40 அல்லது 15டபிள்யூ-40 போட்டா பல வண்டியில ஆயில் குடிக்கிறது குறையும், நம்ம ஊரு வெயிலுக்கு குளிர் ஸ்டார்ட் பிரச்சனையும் கிடையாது. ஒரேயடியா 20டபிள்யூ-50க்குத் தாவாதீங்க, பழைய கார்புரேட்டர் வண்டிக்கு அது சரி, விவிடி (வால்வு திறக்குற நேரத்த மாத்துற அமைப்பு) இருக்குற இன்ஜின்ல ஆயில் போற பாதை குறுகல், கெட்டி ஆயில் சரியா வேலை செய்யாது. பைக் ஆயில் மிச்சம் இருக்குன்னு காருக்கு ஊத்துறதும் வேண்டாம்.

டீசல் ஊத்தி இன்ஜின கழுவுறது, ஃப்ளஷ் அடிக்கிறது, இதெல்லாம் பழைய இன்ஜின்ல எனக்குப் புடிக்காது. பல வருஷமா படிஞ்ச கசடு ஒரே நேரத்துல பேந்து வந்து ஆயில் பம்ப் சல்லடைய அடைச்சா அன்னிக்கே இன்ஜின் சீஸ்.

7. விடலாமா, வேலை பாக்கலாமா

இது என் கணக்கு. 5000 கி.மீ.க்கு ஒரு லிட்டர்னா மறந்துடுங்க. 2000க்கு ஒரு லிட்டர்னா கசிவு, பிசிவி, வால்வு சீல் வரைக்கும் பாத்துட்டு மிச்சத்துக்கு டிக்கில ஒரு லிட்டர் கேன் வெச்சுக்கிட்டு ஓட்டுங்க. மாசம் 500 கி.மீ. ஓடுற வண்டின்னா வருஷத்துக்கு மூணு லிட்டர்தான் கூடுதல் செலவு, இன்ஜின் வேலைக்கு ஆகுற காசுல பல வருஷத்துக்கு ஆயில் வாங்கலாம். 1000க்கு ஒரு லிட்டர் தாண்டுனா கம்ப்ரஷன் எடுத்தே ஆகணும். 500க்கே ஒரு லிட்டர்னா வேலைக்குத் தயாராகுங்க, இல்ல வண்டி விலையே அவ்வளவு பெறாதுன்னா வித்துடுங்க, வாங்குறவங்ககிட்ட சொல்லிட்டு வில்லுங்க.

வால்வு சீல் மட்டும்னா பல இன்ஜின்ல ஹெட்டையே இறக்காம பண்ணலாம், பிளக் ஓட்டை வழியா கம்ப்ரசர் காத்த விட்டு வால்வு உள்ள விழாம புடிச்சுக்கிட்டு சீல மாத்துவாங்க. உங்க ஷெட்டுல பண்ணுவாங்களான்னு கேட்டுப் பாருங்க.

ரிங் வேலைதான்னு முடிவாச்சுன்னா, "ரிங் மட்டும் மாத்துனா போதும்"ங்கிற பேச்ச அளக்காம நம்பாதீங்க. லேத்துல போர் கேஜ் வெச்சு மேல, நடுவுல, கீழன்னு அளந்து நம்பர எழுதித் தரச் சொல்லுங்க. போர் முட்டை வடிவத்துல தேஞ்சிருந்தா புது ரிங்கு அதுல உக்காராது, காசு போட்டும் ஆயில் அடிக்கும். அளவு லிமிட்டுக்குள்ள இருந்தா ஹோனிங் பண்ணி (போர் சுவத்த லேசா தேச்சு) ஸ்டாண்டர்டு ரிங், தாண்டியிருந்தா போரப் பெருசாக் கடைஞ்சு ஓவர்சைஸ் பிஸ்டன். ஹெட் கையில இருக்கும்போதே வால்வு கைடும் சீலும் பாத்துடுங்க. சென்னை புதுப்பேட்டை, கோவை உக்கடம் பக்கம் பழைய ஸ்பேர் நிறைய கிடைக்கும், கவர், பிராக்கெட் எல்லாம் அங்க வாங்கலாம், ரிங், சீல், பேக்கிங், பேரிங் மட்டும் கண்டிப்பா புதுசு.

வேலை முடிஞ்சு வந்த வண்டி முதல் ஆயிரம் கிலோமீட்டர் வரைக்கும் கொஞ்சம் ஆயில் எடுக்கத்தான் செய்யும், ரிங்கு போர்ல உக்காரணும். ஒரே ஸ்பீடுல ஹைவேல விரட்டாம ஏத்தி இறக்கி ஓட்டுங்க, ரொம்ப நேரம் ஐடில்லயும் விடாதீங்க. மெக்கானிக் சொன்ன கி.மீ.ல முதல் ஆயிலையும் ஃபில்டரையும் மாத்துங்க, சொல்லலன்னா 500லிருந்து 1000க்குள்ள. வடிச்ச ஆயில்ல காந்தத்த விட்டுப் பாருங்க, மாவு மாதிரி கொஞ்சம் ஒட்டுனா சரி, சில்லு சில்லா வந்தா வண்டிய அப்படியே அவர்கிட்ட திருப்பி விடுங்க.